இசை எந்த இடத்தில் உள்ளே வரவேண்டும்?

கேள்வி: வணக்கம் சார். மதுரையில் மேடைக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். வயது 26. வீட்டில் கம்ப்யூட்டர், சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன் இருக்கின்றன. முதல் தடவையாக ஒரு 22 நிமிடக் குறும்படத்துக்கு இசை கேட்டிருக்கிறார்கள். தீபாவளிக்கு வரமுடியாது என்று மகன் போனில் சொல்லும் காட்சிதான் படத்தின் உயிர். இயக்குநர் அந்த இடத்தில் ஒரு பெரிய படத்தின் பி.ஜி.எம்.மை வைத்துக்காட்டி, 'இதே மாதிரி வேணும்' என்கிறார். போனை வைத்தபிறகு அம்மா கேஸ் அடுப்பை அணைக்கிறார், 11.5 விநாடி கழித்து, மகனுக்காக எடுத்துவைத்த தட்டைத் திரும்ப ஸ்டாண்டில் வைக்கிறார். இசை சரியாக அங்கே வந்து உட்கார வேண்டுமாம். 78 டெம்போவில் எனக்கு அது சேரவே இல்லை. இன்னொரு பக்கம், ஒரு நாடகக் குழுவுக்கு இசை செய்து கொடுத்தேன். ஒத்திகையில் நடிகர்கள், 'வசனம் கேக்கலை, சில நாள் மியூசிக் முன்னாடியே முடிஞ்சிடுது' என்கிறார்கள். ஒரு சீரியலுக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் எல்லா உரிமையும் அவர்களுக்கே என்று எழுதிக் கேட்கிறார்கள். போகலாமா? முறையாகப் படிக்காமல் இந்தத் தொழிலில் நிற்க முடியுமா?

பதில்:

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் எந்த ராகம் போடலாம், எந்தக் கருவி வைக்கலாம் என்று ஒரு கேள்விகூட இல்லை. குறும்படம், நாடகம், சீரியல் என்று மூன்று தலைவலிகளைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ மூன்றும் ஒரே தலைவலியாகத்தான் படுகிறது: இசை எப்போது உள்ளே வருவது, எப்போது வெளியே போவது. மெட்டு உங்களுக்கு வந்துவிடும். கச்சேரியில் வாசிக்கிறவருக்குப் பழக்கமே இல்லாத வேலை, விரலைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது. அதைத்தான் இப்போது பழக வேண்டும்.

அந்த அடுப்பங்கரைக் காட்சியை எடுத்துக்கொள்வோம். இயக்குநரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: லைவ் சவுண்டா, டப்பிங்கா? டப்பிங் என்றால் உங்கள் கைக்கு வரும் காட்சியில் இரண்டு பேர் பேசும் குரல் மட்டும்தான் இருக்கும். அடுப்பு எரியும் சத்தம் கிடையாது, பாத்திரம் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே தெரு கிடையாது. எஃபெக்ட்ஸும், காலடி, பாத்திரம் மாதிரிச் சத்தங்களைத் தனியாக எழுப்பிப் பதிவு செய்யும் ஃபோலியும் செய்கிறவர் தன் வேலையை முடிப்பதற்குள் இசையமைப்பாளர் ரீ-ரெக்கார்டிங்கை முடித்தாக வேண்டிய நிலைமை நம் ஊரில் சகஜம். ஊமையான ஒரு சமையலறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் பயம் வந்துவிடும். அந்த வெறுமையை நிரப்பத்தான் முதல் விநாடியிலிருந்து வயலினை இழுத்துவிடுகிறோம். பின்னால் எஃபெக்ட்ஸ் வந்து சேரும்போது இரண்டும் முட்டிக்கொள்ளும். மிக்ஸிங்கில் இசையைத் தாழ்த்துவார்கள், நாம் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வோம்.

அதனால் இசைக்கு முன்னால் நீங்களே காட்சிக்கு ஒரு கச்சாச் சத்தத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு அடுப்பைப் போனில் பதிவு செய்தாலே போதும். கேஸ் அடுப்பு எரியும்போது 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் அது நம் காதுக்குப் பழகிப்போய்விடும். அம்மா குமிழைத் திருகும் நொடியில் அது சட்டென்று அறுபடும். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது அப்போதுதான் நமக்கே தெரியும். மகன் வரவில்லை என்ற சேதி வசனத்தில் வந்துவிட்டது. அது வீட்டுக்குள் இறங்குவது இந்த இடத்தில்தான். உங்கள் இசைக்கான வாசல் இதுதான். அதற்கு முன்னால், போன் பேச்சின் அடியில், ஒன்றுமே வேண்டாம். மகன் பேசும்போதே வயலின் அழ ஆரம்பித்தால், அவன் 'வரமுடியாது' என்று சொல்லப்போவதை வாத்தியம் முந்திக்கொண்டு சொல்லிவிடும். அப்புறம் நடிகைக்கு அங்கே வேலையே இல்லை.

குமிழ் திரும்பி உடனேகூட வராதீர்கள். ஒன்றரை, இரண்டு விநாடி விட்டுப் பாருங்கள். ஒரே ஒரு நீண்ட சுரம், தாக்கு இல்லாமல், எப்போது தொடங்கியது என்றே தெரியாதபடி. அதற்குப் பிறகு தட்டு ஸ்டாண்டில் உரசும் சத்தம் வரட்டும். எவர்சில்வர் தட்டு கம்பியில் படும்போது கூர்மையான மேல்சுருதி ஒன்று கிளம்பும். அதற்குச் சுருதி சேர்த்து இசையை முடிக்க ஆசை வரும், எனக்கும் வரும். செய்யாதீர்கள், சாமர்த்தியம் வெளியே தெரிந்துவிடும்.

சத்தம் இருக்க வேண்டிய இடத்தில் இசையை வைத்து ஜெயித்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். 'பதேர் பாஞ்சாலி'யில் (1955) மகள் இறந்தது தெரியாமல் ஊரிலிருந்து திரும்பும் கணவன் வாங்கிவந்த புடவையைக் காட்டும்போது, சர்பஜயா உடைந்து அழுவாள். அந்த அழுகுரல் நமக்குக் கேட்காது. அதற்குப் பதிலாக தார்ஷெனாய் என்ற வில்வாத்தியம் ஒலிக்கும். ரவிசங்கர் அந்தப் படத்தின் இசையை ஒரே இரவில் உட்கார்ந்து முடித்துக்கொடுத்தார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. நான் கவனிக்கச் சொல்வது வேறு. அந்த இடத்தில் குரலும் வாத்தியமும் சேர்ந்து வரவில்லை. ஒன்றை முழுசாக எடுத்துவிட்டுத்தான் இன்னொன்றை வைத்தார்கள். உங்கள் காட்சியில் ஒரு நொடிக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேசலாம் என்று வைத்துக்கொண்டு பாருங்கள், பாதி முடிவுகள் தானாக வந்துவிடும்.

சரி, 11.5 விநாடிக் கணக்கு. அடுப்பு அணையும் இடத்தைப் பூஜ்ஜியமாக வையுங்கள். அந்த இரண்டு விநாடி மௌனமும் கணக்குக்குள்தான், முதல் சில எண்ணிக்கைகள் சும்மா ஓடும். 78 டெம்போ என்றால் நிமிடத்துக்கு 78 எண்ணிக்கை, ஒரு எண்ணிக்கைக்கு 0.77 விநாடி. நான்கு எண்ணிக்கை சேர்ந்தது ஒரு பார் என்று வைத்து நாலு பார் போட்டால் 16 எண்ணிக்கை, 12.3 விநாடி. தட்டு வைத்து முக்கால் விநாடிக்குப் பிறகு உங்கள் இசை வந்து விழுகிறது. அதனால்தான் சேரவில்லை. இரண்டு வழி இருக்கிறது. டெம்போவை 83.5 ஆக்கினால் 16 எண்ணிக்கை 11.5 விநாடிக்கு அச்சாக வந்துவிடும். ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனம் முடிந்து சமத்தில் தட்டு. ஆனால் 78-க்கும் 83.5-க்கும் நடையில் வித்தியாசம் தெரியும். அந்த அம்மா கொஞ்சம் அவசரப்படுகிற மாதிரி ஆகிவிடலாம். இரண்டாவது வழி, 78-ஐ அப்படியே வைத்துக்கொண்டு நாலாவது பாரில் ஒரு எண்ணிக்கையைப் பிடுங்கிவிடுவது. மூன்று பார் நான்கு, ஒரு பார் மூன்று, மொத்தம் 15. பதினைந்து எண்ணிக்கைக்கு 11.54 விநாடி. ஒரு ஃபிரேமுக்கும் குறைவாகப் பிந்துகிறது, அவ்வளவுதான். தாளவாத்தியம் இல்லாத இடத்தில் ஒரு எண்ணிக்கை குறைந்ததை எந்த ரசிகரும் கண்டுபிடிக்க மாட்டார். நான் இதைத்தான் செய்வேன்.

அந்தச் சின்னத் தாமதம் நல்லதும்கூட. இசை காட்சிக்கு ஒரு ஃபிரேம் முந்தினாலும் அசைவைத் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும். இரண்டு மூன்று ஃபிரேம் பிந்தினால் அசைவிலிருந்து பிறந்த மாதிரி இருக்கும். கார்ட்டூனுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது.

இதெல்லாம் பலிக்க வேண்டுமென்றால் எடிட்டரிடம் இரண்டு விஷயத்தை எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். எடிட் லாக் ஆகிவிட்டதா, அதாவது இனி வெட்டு மாறாதா என்பது ஒன்று. ஃபிரேம் ரேட் என்ன, அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது இன்னொன்று. 23.976 என்று எடிட் செய்த படம் உங்கள் கம்ப்யூட்டரில் 24 என்று ஓடினால் முதல் நிமிடத்தில் ஒன்றும் தெரியாது. 22 நிமிடத்தின் கடைசியில் 1.3 விநாடி தள்ளிப்போயிருக்கும். படம் தொடங்குவதற்குச் சரியாக 2 விநாடி முன்னால் ஒரே ஒரு ஃபிரேம் நீளத்துக்கு ஒரு 'பீப்' வைத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பி அனுப்பும் இசைக் கோப்பிலும் அதே இடத்தில் அதே பீப் இருக்கட்டும். மிக்ஸிங் எஞ்சினியர் உங்களை மனசுக்குள் வாழ்த்துவார்.

இனி அந்த 'இதே மாதிரி வேணும்'. ரெஃபரன்ஸ் வைக்கும் இயக்குநர் மீது கோபப்படாதீர்கள். இசையைப் பற்றிப் பேச அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை அதுதான். ஆனால் கொஞ்சம் கிளறுங்கள். அந்த பி.ஜி.எம்.மில் அவருக்குப் பிடித்தது என்ன? பெரும்பாலும் மெட்டாக இருக்காது. அது மெதுவாக ஏறும் விதமாக இருக்கலாம், நடுவில் விழும் இடைவெளியாக இருக்கலாம், தனியாக ஒரு செல்லோ இழுப்பதாக இருக்கலாம். சில சமயம் அந்தப் பெரிய படத்தின் ஞாபகமாகவே இருக்கும். அதை நம்மால் தரமுடியாது. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ரெஃபரன்ஸை இரண்டு விநாடி தள்ளி ஆரம்பித்துப் போட்டுக்காட்டுங்கள். பிறகு ஐந்து விநாடி தள்ளி. 'ஆங், இது நல்லாருக்கே' என்று அவரே சொல்லும் இடம் ஒன்று வரும். அங்கிருந்து பேச்சு மாறிவிடும்.

இன்னொரு சிக்கலையும் கவனியுங்கள். எடிட்டர் அந்த ரெஃபரன்ஸைப் போட்டுக்கொண்டே ஷாட்டுகளை அடுக்கியிருந்தால், அந்த இசையின் டெம்போ எடிட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கும். இசையை எடுத்துவிட்டாலும் எடிட் அந்த நடையில்தான் நடக்கும். அதனால் டெம்போவை அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. சுரம், தாள அமைப்பு, வாத்தியம் மூன்றையும் மாற்றிவிடுங்கள். 'ஏழு விநாடி வரைக்கும் எடுத்துக்கலாம், கேஸ் வராது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு விநாடிக் கணக்கே கிடையாது.

ரெஃபரன்ஸிடமே தோற்றுப்போன பெரிய ஆட்களும் உண்டு. ஸ்டான்லி குப்ரிக் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'க்கு அலெக்ஸ் நார்த்தை வைத்து இசை எழுதி வாங்கினார். கடைசியில் எடிட்டிங்கின்போது போட்டுப் பார்த்த சாஸ்திரிய இசைத் துண்டுகளையே வைத்துக்கொண்டுவிட்டார். 1968-ல் படத்தைப் பார்க்கப் போனபோதுதான் தன் இசை ஒரு இடத்திலும் இல்லை என்பது நார்த்துக்குத் தெரிந்தது. எழுதி வைத்த இசை படத்தில் அழகாகப் போய் உட்கார்ந்ததும் உண்டு. பாலு மகேந்திரா 'வீடு' (1988) படத்துக்கு, இளையராஜா 1986-ல் தனி ஆல்பமாக வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' இசையைப் பின்னணியாக வைத்தார். எந்தக் காட்சிக்காகவும் எழுதாத இசை. அந்தப் படத்தில் இசை வராத நேரம் எவ்வளவு என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். கட்டிட வேலைச் சத்தத்துக்கு அவர் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார் என்று தெரியும்.

நாடகத்துக்கு வருவோம். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் சினிமா மாதிரி வேலை செய்து மாட்டிக்கொள்கிறார்கள். சினிமாவில் 11.5 விநாடி என்றால் என்றைக்கும் 11.5 விநாடிதான். நாடகத்தில் அதே இடம் வெள்ளிக்கிழமை 11 விநாடி, சனிக்கிழமை அரங்கம் சிரித்துவிட்டதால் 19 விநாடி. நீங்கள் முழுசாக மிக்ஸ் செய்த மூன்று நிமிடக் கோப்பு ஒன்றைக் கொடுத்திருப்பீர்கள். நடிகர் நிதானமாக நடந்தால் இசை முன்னாடியே முடியத்தான் செய்யும். அவரை இசைக்காக ஓடச் சொல்வது நியாயமில்லை.

ஒவ்வொரு துண்டையும் மூன்றாக உடையுங்கள்: தொடங்கும் பகுதி, எத்தனை தடவை சுற்றினாலும் அலுக்காத நடுப்பகுதி, முடிக்கும் பகுதி. நடுப்பகுதியில் பளிச்சென்ற மெட்டு இருக்கக் கூடாது. மெட்டு இருந்தால் இரண்டாவது சுற்றிலேயே 'இது முன்னாடி வந்ததே' என்று தெரிந்துவிடும். நடிகர் குறிப்பிட்ட அசைவைச் செய்ததும் முடிக்கும் பகுதிக்குத் தாவ வேண்டும். மேக் கம்ப்யூட்டர் இருந்தால் கியூலேப் என்ற மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது. ஸ்டீரியோ ஒலிக்கு அதன் இலவசப் பதிப்பே தாங்கும். மேக் இல்லையென்றால் கவலை வேண்டாம், நீங்கள் கீபோர்டுக்காரர். பதிவு செய்த ஒலியைக் கட்டையில் வாசிக்கவைக்கும் சாம்ப்ளரில் துண்டுகளை ஏற்றி ஒவ்வொரு கட்டைக்கும் ஒன்றாக வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்தபடி நீங்களே வாசியுங்கள். என்னைக் கேட்டால் அதுதான் முதல் வழி, மென்பொருள் இரண்டாவது.

நம் ஊரில் இதற்கு ஒரு பள்ளிக்கூடமே இருக்கிறது, அதுவும் உங்கள் மதுரையிலேயே. ஸ்பெஷல் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' எங்காவது கோயில் திருவிழாவில் விடிய விடிய நடக்கும். மேடையில் ஒரு பக்கமாக ஆர்மோனியம், மிருதங்கம், அப்புறம் 'ஆல்ரவுண்டு' என்று ஒருவர். இந்த ஆல்ரவுண்டுக்காரரைத்தான் பார்க்கச் சொல்கிறேன். டிரம், ஜால்ரா, மணி என்று தன்னைச் சுற்றிச் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பபூன் ஒரு ஜோக்கை முடிக்கும் வினாடியில் ஒரு அடி. பபூன் கீழே விழுந்தால் ஒரு உருட்டல். கூட்டம் சிரிக்கும்வரை கை சும்மா இருக்கும். சிரிப்பு இறங்குகிற நேரம் பார்த்து அடுத்ததற்கு எடுத்துக்கொடுப்பார். ஒத்திகை கிடையாது. அன்றைக்குத்தான் அந்த நடிகரை முதல்முறையாகப் பார்த்திருக்கக்கூடும். கண் முழுக்க நடிகரின் தோள்மீது இருக்கும். ஒரு ராத்திரி முழுக்க அவருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள், நான் எழுதுவதைவிட அதிகமாகக் கிடைக்கும்.

தெருக்கூத்திலும் இதே கதைதான். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டிருக்க, முகவீணையும் மிருதங்கமும் தாளமும் அவர் வெளியே வரும்வரை இழுத்துப்பிடித்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்புக்கு நீளம் எழுதிவைத்ததில்லை.

வசனம் கேட்கவில்லை என்ற புகாருக்கு, சத்தத்தைக் குறைத்துப் பார்த்திருப்பீர்கள். அதில் பாதிதான் தீரும். பேச்சில் மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலி பெரும்பாலும் 2000-லிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்குள் இருக்கிறது. வயலின் கூட்டம், பிரகாசமான சிந்தசைசர், வாயால் ஊதும் வாத்தியங்களின் மேல்சுருதிகள் எல்லாம் அதே இடத்தில்தான் கூடாரம் போடுகின்றன. வசனத்துக்கு அடியில் வருகிற இசையில் அந்தப் பகுதியை ஈக்யூவில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) நன்றாகக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் மந்தமாக இருக்கும், மேடையில் சரியாக இருக்கும். அதைவிட நல்ல வழி, பேச்சு இருக்கும் நேரத்தில் தாக்கு உள்ள வாத்தியங்களையே எடுத்துவிடுவது. கிடாரோ வீணையோ ஒவ்வொரு தடவை மீட்டப்படும்போதும் காது ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பிவிட்டுத்தான் வசனத்துக்கு வரும். மைக் இல்லாமல் பேசுகிற நடிகர் என்றால் இது இன்னும் கடுமை.

ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். அரங்கத்தின் இரண்டு பக்கப் பெட்டியிலிருந்து வரும் எந்தச் சத்தமும் 'சொல்பவரின் குரல்' ஆகிவிடும். மேடையில் ஒரு ரேடியோ பாட வேண்டும் என்றால், அந்த ரேடியோப் பெட்டிக்குப் பின்னாலேயே சின்ன ஸ்பீக்கர் ஒன்றை ஒளித்துவையுங்கள். தரம் மட்டமாக இருந்தால் இன்னும் நல்லது. நடிகர் அதை அணைக்கும்போது சத்தம் அவர் கையிலிருந்தே நிற்கும், அரங்கம் அதை நம்பிவிடும். பக்கப் பெட்டியில் எவ்வளவு துல்லியமாக வாசித்தாலும் இந்த நம்பிக்கை வராது.

நடைமுறையில் சில. லேப்டாப்பிலிருந்து நேரடியாக அரங்கத்து மிக்சருக்கு வயர் போட்டால் பல இடங்களில் 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' என்று ஹம் வரும். நடுவில் போட்டு அந்த ஹம்மை அறுக்க, கிரவுண்ட் லிஃப்ட் (எர்த் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டி.ஐ. பாக்ஸ் ஒன்று பையிலேயே இருக்கட்டும். வைஃபை, ப்ளூடூத், நோட்டிஃபிகேஷன் மூன்றையும் அணைத்துவிடுங்கள்; கர்ணன் சாகும்போது 'டிங்' என்று மெயில் வரக்கூடாது. எல்லாத் துண்டுகளும் ஏற்றிய இன்னொரு கருவி, போனாக இருந்தாலும் சரி, பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். வசனத்தைத் தாண்டித் தாண்டி ஒலி, ஒளி மாறும் இடங்களை மட்டும் ஓட்டிப் பார்க்கும் கியூ ஒத்திகை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். நடிகர்களுக்கு அது சலிப்பாக இருக்கும், டீ வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கலாம்.

சீரியல். போங்கள் என்றுதான் சொல்வேன், ஒரே ஒரு சீரியலுக்கு. அங்கே வேலை முறையே வேறு. தினமும் ஒரு எபிசோடு போகும் இடத்தில் காட்சி காட்சியாக உட்கார்ந்து யாராலும் இசை எழுத முடியாது. நீங்கள் ஒரு கிடங்கு செய்து கொடுப்பீர்கள்: டைட்டில் இசை, முக்கியப் பாத்திரங்களுக்கு ஒவ்வொரு மெட்டு, அந்த ஒவ்வொரு மெட்டிலும் சோகம், சந்தேகம், சந்தோஷம், தனிப் புல்லாங்குழல் என்று வகைகள், அப்புறம் இரண்டு மூன்று விநாடி அதிர்ச்சித் துண்டுகள். அதை எடுத்து ஒட்டுவது எடிட்டர். ஒரு மாமியார் முகத்துக்கு மூன்று கோணத்தில் மூன்று 'டம்' போடுவதும் அவர்தான். நீங்கள் ஒரே ஒரு 'டம்' தான் கொடுத்திருப்பீர்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, அந்த ரசிகர்கள் பாதி நேரம் அடுப்படியிலிருந்து டிவியைக் கேட்கத்தான் செய்கிறார்கள், பார்ப்பதில்லை. 'டம்' வந்தால் ஓடிவந்து எட்டிப்பார்ப்பார்கள். அந்த வேலைக்கு அது சரியான கருவி.

உங்களுக்கு அங்கே கிடைக்கப்போகும் பாடம், ஒரே மெட்டைப் பன்னிரண்டு விதமாகச் செய்வது. கோப்புகளுக்குப் பெயரை ஒழுங்காக வைப்பதும்தான். 'நியூ ஃபைனல் 3' என்று வைத்தால் நடுராத்திரியில் எடிட்டர் உங்கள் நல்ல துண்டைத் தேட மாட்டார், கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிடுவார். 'அம்மா, சோகம், மெதுவாக, 72' என்று இருந்தால் கிடைத்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் சுத்தமான ஒரு முடிவு இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதியில் தேய்த்து மங்கச்செய்துவிடுவார்கள், எல்லாக் காட்சியும் ஒரே மாதிரி முடியும். போன் ஸ்பீக்கரிலும் பழைய டிவியிலும் கேட்டுப் பாருங்கள். அடிமட்டத்தில் விடாமல் ஒலிக்கும் ட்ரோன் சுரம் அங்கே அப்படியே காணாமல் போய்விடும். அதை மட்டும் நம்பி ஒரு பதற்றத்தைக் கட்டாதீர்கள்.

அந்த 'எல்லா உரிமையும் எங்களுக்கே' விஷயம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தம் உங்களுக்குச் சாதகமானது. சினிமாவாக இருந்தாலும் வேறு பதிவுகளாக இருந்தாலும், இசையமைப்பாளரும் பாடலாசிரியரும் தங்கள் ராயல்டிப் பங்கைப் பெறும் உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ, வசூலித்துப் பங்கிடுவதற்காக ஒரு பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் தரலாம். தியேட்டரில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதற்கு மட்டும் இது பொருந்தாது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் இந்தப் பங்கு போகாது. ஆனால் உரிமை இருப்பதும் காசு கைக்கு வருவதும் ஒன்றல்ல. அதற்கு 1969-லிருந்து இயங்கும், ராயல்டியை வசூலித்துப் பங்கிடும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். எந்த எபிசோடில் எந்தத் துண்டு எத்தனை விநாடி வந்தது என்ற கியூ ஷீட்டும் வேண்டும். ஒப்பந்தத்தில் கியூ ஷீட் தருவது அவர்கள் பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தகராறு செய்ய மாட்டார்கள், ஏனென்றால் அதன் அர்த்தம் பலருக்குத் தெரியாது. இன்னொன்று: எத்தனை வருடத்துக்கு, எந்த நாட்டுக்கு என்று எழுதாமல் விட்டால், ஐந்து வருடம், இந்தியாவுக்குள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'நிரந்தரமாக, உலகம் முழுக்க' என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். நான் இசைக்காரன்.

குறும்படத்துக்கு ஒப்பந்தம் எல்லாம் பெரிதாக வேண்டாம், ஒரு மெயில் போதும். எவ்வளவு பணம், முன்பணம் எவ்வளவு, எத்தனை தடவை திருத்தம், எடிட் லாக் ஆனபிறகு மாற்றினால் கூடுதல் கட்டணம். இந்தக் கடைசி வரியைப் படிக்கும்போது கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், ஆனால் அதற்குப் பிறகு எடிட் மாறுவது அதிசயமாகக் குறைந்துவிடும். இசையை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கோப்பாக, ஸ்டெம் ஸ்டெம்மாகப் பிரித்துக் கொடுங்கள். மெட்டு தனி, ஸ்டிரிங்ஸ் தனி, தாளம் தனி. மிக்ஸிங்கில் வசனத்துக்காக மெட்டை மட்டும் எடுத்துவிடலாம். ஒரே கோப்பாகக் கொடுத்தால் எல்லாமாகச் சேர்ந்து தாழும்.

படிக்காமல் நிற்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நிற்கலாம், நிறையப் பேர் நிற்கிறார்கள். பட்டம் யாரும் கேட்டதில்லை. ஆனால் ஐந்து கோட்டில் இசையை எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். இளையராஜா படத்தைப் பார்த்துவிட்டு நேராக நொட்டேஷனில் எழுதி வாசிப்பவர்கள் கையில் கொடுப்பதைப் பற்றிப் பலரும் பேசியிருக்கிறார்கள். அந்த வேகம் நமக்கு வேண்டாம், அந்த எழுத்து வேண்டும். சென்னையில் வயலின், வியோலா, செல்லோ வாசிப்பவர்கள் பார்த்த மாத்திரத்தில் வாசித்துவிடுவார்கள், நாம் எழுதியது சரியாக இருந்தால். கம்ப்யூட்டரில் கையால் வாசித்துப் பதிவான சுரக்குறிப்பை, அதாவது மிடியை, அப்படியே அச்சடித்து நீட்டினால் முப்பத்திரண்டாம் சுரங்களும் கட்டுக்கோடுகளுமாக யாருக்கும் புரியாது. சுத்தம் செய்து, வில் குறிகள் போட்டு, மறக்காமல் ஒவ்வொரு வரியிலும் பார் எண் போட்டுக் கொண்டுபோங்கள். 'பதினேழாவது பாரிலிருந்து' என்று சொல்ல முடியாவிட்டால் எட்டுப் பேரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டியிருக்கும். அந்த நேரமெல்லாம் உங்கள் கால்ஷீட் கணக்கில்தான் போகும்.